குழுவனுக்குக் குறி சுட வந்தவர்கள்

போன கச்சான் காற்றுக் காலத்தில் ஒரு நாள் காலையில், வாவியில் வலை போடும் தம்பி ஒருவன் எனக்குப் போன் எடுத்தான்.

"அண்ணே, உங்கட மான் ஒண்டு என்ட வலையில கிடக்கு. என்ன செய்ற?"

"எப்பிடிக் கிடக்கு?"

"மல்லாக்க மிதக்குதண்ணே."

"அப்ப அது என்ட மான் இல்லடா. என்ட மான் மிதக்காது. கல்லுப்போலத் தாண்டு போகும்."

போனை வைத்துவிட்டுச் சிரித்தேன். பிறகு எரிச்சல் வந்தது. நான் செய்வது சீமெந்துச் சிலை; அது புதிதாக வந்த பைபர் மான். படத்தைப் பார்த்து ஓடர் கொடுத்தால் லொறியில் வந்து இறங்குகிறது. அடியில் நாலு ஆணியை முறுக்கிவிட்டுப் படமும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். காற்று கொஞ்சம் உரக்க வீசினால், பூங்காவில் நின்ற மான் வாவிக்குள் நீச்சலடிக்கிறது.

இந்தக் கதை எப்படியோ வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்துப் பிள்ளைகள் சிலரின் காதுக்குப் போய், ஆரையம்பதியில் என் வீடு தேடி வந்துவிட்டார்கள். "ஐயா, வனவிலங்குச் சிற்பத்தை நீங்கள் ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று மேடைத் தமிழில் கேட்டாள் ஒரு பிள்ளை. "நான் எங்க மகள் தேர்ந்தெடுத்தன்? அதுதான் என்னை முட்ட வந்த" என்றேன். விளையாட்டாகச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். விளையாட்டில்லை. அதனால்தான் இதை எழுதவேண்டி வந்தது.

நான் பழகியது கோயில் வேலை. வாகனம் செய்கிற பட்டறையில் மயிலும் எலியும் சிங்கமும் செய்தேன். வாகனத்துச் சிங்கத்துக்கு மீசை வேண்டும், நாக்கு வெளியே தொங்க வேண்டும், மொத்தத்தில் கோபக்கார மாமனார் போல இருக்க வேண்டும். அதைப் பார்த்து ஒருவரும் "சிங்கம் இப்படியா இருக்கும்?" என்று கேட்டதில்லை. பிறகு கலியாணம் செய்தேன், மாதச் சம்பளம் தேவைப்பட்டது, பிரதேச சபையில் மேசனாகச் சேர்ந்தேன். வடிகான் கட்டினேன். மதகு கட்டினேன். சிவலிங்கத்துக்கு, அதாவது எனக்கு, சிலை வேலை தெரியும் என்று யாரோ போட்டுக்கொடுத்தார்கள். உடனே சபை என்னைத் தவளை செய்ய விட்டது.

வாயைப் பிளந்த தவளை. குப்பை போடுவதற்கு. சந்தைக்கு ஒன்று, பஸ் நிலையத்துக்கு ஒன்று, ஆஸ்பத்திரி வாசலுக்கு ஒன்று என்று தவளை தவளையாகச் செய்து தள்ளினேன். இடையில் சிறுவர் பூங்காவுக்கு ஒரு முதலை கேட்டார்கள். பிள்ளைகள் பயப்படாத முதலையாக இருக்க வேண்டும் என்றார்கள். நல்லாகச் சிரிக்கிற முதலை ஒன்று செய்து கொடுத்தேன். வாவிக்கரைத் தாய்மார் வரிசையாக வந்து என்னைக் கிழித்தார்கள். "எங்கட புள்ளயள் தண்ணியில மெய்யான முதலையைக் கண்டு, மாமா சிரிக்கிறாரெண்டு கிட்டப் போனா நீயா கா பொறுப்பு?" நியாயமான கேள்வி. வாயை உடைத்துப் பல்லைப் பெரிதாக வைத்தேன். பிறகு பூங்காவுக்கே பிள்ளைகள் வரவில்லை.

எனக்கு மேலே இருந்தவர் நவரெத்தினம் சேர். சபையின் டி.ஓ., அதாவது வேலைகளை அளந்து ஒப்புக்கொள்ளும் தொழில்நுட்ப உத்தியோகத்தர். நல்ல பருத்த மனுசன். அவருக்குக் கலையைப் பற்றி ஒரேயொரு கொள்கைதான் இருந்தது. "பொது இடத்தில விலங்கு வச்சா சனம் ஏறும். ஏறாதே எண்டு பலகை போட்டா, பலகையிலயும் ஏறும். ஆனபடியா ஏறினா உடையக் கூடாது." இதைச் சோதிக்க அவருக்கு ஒரு முறை இருந்தது. வேலை முடிந்தது என்று சொல்லியனுப்பினால் மோட்டார் சைக்கிளில் வருவார். சப்பாத்தைக் கழற்றி ஓரமாகச் சோடியாக வைப்பார். கண்ணாடியைக் கழற்றி என்னிடம் தருவார். களிசானை முழங்கால்வரை மடிப்பார். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் விலங்கின்மேல் ஏறி உட்காருவார். உட்கார்ந்தபடி மெல்ல உன்னிப் பார்ப்பார். பிளேன்டீ கேட்பார். அதை அங்கேயே இருந்து ஆறுதலாகக் குடிப்பார். விலங்கு கம்மென்று நின்றால் இறங்கி "தாங்கும்" என்பார். அவ்வளவுதான். முகம் எப்படி, கண் எப்படி என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒரு தரம் வாவிக்கரைக்கு ஒரு கொக்குச் செய்தேன். ஒற்றைக் காலில் நிற்கிற கொக்கு. உள்ளதைச் சொன்னால் அது அழகாக வந்திருந்தது. சேர் வந்தார், சப்பாத்தைக் கழற்றினார். "சேர், கொக்கில ஆரும் ஏறமாட்டாங்க" என்றேன். "நான் ஏறுறனே" என்றார். ஏறினார். கொக்கும் சேரும் ஒன்றாகச் சேற்றுக்குள் போனார்கள். எழும்பி, முகத்தை வழித்து, என் கையிலிருந்த கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு, "கொக்கு வேணாம். தாமரை வை" என்றார்.

அன்று தொடங்கியது தாமரை. எந்தச் சிற்பத்தில் பிரச்சினை வந்தாலும், உடைந்தாலும், ஊர் இரண்டுபட்டாலும் சேர் சொல்லும் பரிகாரம் அதுதான். வட்டமான தொட்டி, நடுவில் சீமெந்துத் தாமரை. அதில் ஏறி விழ ஒன்றுமில்லை, சண்டை பிடிக்கவும் ஒன்றுமில்லை. எங்கள் சபை எல்லைக்குள் சீமெந்துத் தாமரை ஒன்றை நீங்கள் கண்டால், அங்கே ஒரு காலத்தில் ஒரு ரகளை நடந்தது என்று வைத்துக்கொள்ளலாம். பாருங்கள், எத்தனை தாமரை!

நான் தாமரைக்காரனாகவே பென்சன் எடுத்திருப்பேன். இடையில் உன்னிச்சைப் பக்கம் காட்டோரத்தில் மதகு ஒன்று திருத்தப் போனேன். காலையில் குளத்து ஓரமாக நின்று முகம் கழுவும்போது, எதிர்க்கரையில் தண்ணீர் பிளந்தது. குழுவன் ஒன்று எழும்பி வந்தது. குழுவன் என்றால் எங்கள் பக்கத்தில் காட்டெருமை. முதுகெல்லாம் சேறு, கொம்பில் தாமரைக்கொடி. என்னைப் பார்த்தது. அப்படியே நின்றது. எனக்கு மூச்சு விடவும் மறந்துபோயிற்று. அது திரும்பிக் காட்டுக்குள் போன பிறகுதான் முகத்தைத் துடைத்தேன். அன்றிலிருந்து நான் செய்த ஒவ்வொரு தவளையும் எனக்கு வெட்கமாக இருந்தது. வேலையை விட்டுப் போகுமுன் அந்த ஒரு விலங்கைச் செய்து ஓர் இடத்தில் நிறுத்திவிட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஆசை என்று சும்மா சொல்கிறேன். விசர் பிடித்துவிட்டது.

பென்சனுக்குக் கிட்டவாக அந்த வாய்ப்பு வந்தது. அதே பக்கத்தில் ஒரு குளக்கட்டில் சனம் வந்து காற்று வாங்குகிற இடத்துக்குக் காட்டு விலங்கு ஒன்றின் சிலை வைக்க வேண்டும் என்று சபை முடிவெடுத்தது. என்ன விலங்கு என்று ஊரைக் கேட்கக் கூட்டம் வைத்தார்கள். நவரெத்தினம் சேர் எழும்பி, "யானை வைப்பமா?" என்று கேட்டார்.

சாமித்தம்பிப் போடியார் துள்ளி எழும்பினார். வட்டை என்கிற அந்த வயல்வெளியில் பாதி அவருடையது. "யானையா? விளைஞ்ச வேளாண்மையை வந்து துவைச்சுப்போட்டுப் போறது காணாதெண்டு, பகல்லயும் அதுர மூஞ்சியப் பாக்கணுமா நாங்க? வச்சீங்களெண்டா வெடி கொளுத்திப் போடுவம்!"

"அப்ப மயில்?"

வட்டவிதானையார் எழும்பினார். வயல்களுக்கு முறைப்படி தண்ணீர் விடுவதும் சண்டை தீர்ப்பதும் அவர் பொறுப்பு. போடியாருக்கும் அவருக்கும் ஆகாது. ஆனால் மயில் விசயத்தில் ஒற்றுமை. "விதைச்ச நெல்லெல்லாம் பொறுக்குது சேர். முருகன்ட வாகனமெண்டு ஏசாம இருக்கம். அதுக்காகச் சிலையும் வைக்கிறதா?"

பன்றி என்று யாரோ சொல்ல, கூட்டம் முழுக்க உறுமியது. குரங்கு தேங்காயைப் பிடுங்குகிறது. மான் பயற்றங்கொடியைத் தின்கிறது. நரி கோழி பிடிக்கிறது. ஒரு வேளாண்மைக்காரனிடம் போய் உனக்குப் பிடித்த காட்டு விலங்கு என்ன என்று கேட்பது எவ்வளவு மொக்குத்தனம் என்று அன்றுதான் விளங்கியது. சேரின் வாய் "தா..." என்று விரியத் தொடங்கியது. தாமரை வருகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பின்வரிசை வாங்கிலிலிருந்து கத்தினேன். "குழுவன் வைப்பம் சேர்!"

போடியாரின் முகம் மலர்ந்தது. "அட, குழுவன்! அவன் வந்து போனாத்தானே நம்மட எருமையள் நல்ல கண்டுக்குட்டி போடுற? அவன் நமக்கு மாப்பிள்ளை முறையெல்லோ!" விதானையாரும் தலையாட்டினார். கூட்டம் கைதட்டிக் கலைந்தது.

குழுவனைச் சரியாகப் பார்க்கப் பொன்னம்மாக்காவிடம் போனேன். அந்தப் பக்கத்தில் பெரிய எருமைப் பட்டி அவருடையது. தயிர் வியாபாரம். ஆண்களையும் மாடுகளையும் ஒரே குரலில் மேய்ப்பவர். அவரின் பட்டிக்கு ஒரு குழுவன் வந்து போகும். என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மருத மரத்தடியில் விட்டு, "இஞ்ச நில்லு மனே, இப்ப வருவான்" என்றார். வந்தான். வந்தவன் நேரே என்னிடம்தான் வந்தான். நான் எப்படி மரத்தில் ஏறினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவன் மத்தியானம்வரை மரத்தடியில் மேய்ந்தான். பொன்னம்மாக்கா தூரத்தில் நின்று சிரித்துச் சிரித்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நான் மேலேயே இருந்ததால் அவன் முதுகை நன்றாகப் பார்க்க முடிந்தது. நான் செய்த குழுவனின் முதுகைப் பற்றி இன்றுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை.

வேலையைத் தொடங்கினேன். காத்தான்குடியில் இரும்பு ஒட்டுகிற றஹீம் காக்கா கம்பிக்கூட்டைச் செய்து தந்தார். சேரை மனதில் வைத்துக் கால்களுக்குத் தடித்த கம்பி போட்டோம். அந்தக் கம்பிகள் நிலத்துக்குள் இறங்கிக் கொங்கிறீற்றைக் கவ்வி நின்றன. மேலே கோழிக்கூட்டு வலை, அதன்மேல் சாந்து, மேலும் சாந்து. தலை கொஞ்சம் தாழ்ந்து, கண் மேலே பார்க்க வேண்டும். முன்னங்கால் ஒன்று கிளம்பப்போகிற மாதிரி. முகத்தைச் செய்கிறபோது ஒருவரையும் கிட்ட விடவில்லை. கடைசிப் பூச்சை ஒரு பின்னேரம் முடித்துவிட்டு, ஈரச் சாக்கால் மூடிவிட்டு வீட்டுக்கு வந்து நல்லாக நித்திரை கொண்டேன்.

காலையில் போனேன். சாக்கு விலகிக் கிடந்தது. இடது தொடையில் போடியார் குடியின் குறி!

எங்கள் பகுதியில் தாய்வழியாக வருகிற குடி ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி உண்டு. அந்தக் குறியைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் மாட்டின் தொடையில் சுட்டுவிடுவார்கள். எங்கே போய் மேய்ந்தாலும் இன்னாருடைய மாடு என்று தெரியும். ஈரச் சீமெந்தில் குறி பதிக்க இரும்பைச் சும்மா அழுத்தினாலே போதும். ஆனாலும் முறை தவறாமல் காய்ச்சியிருக்கிறார்கள். பக்கத்தில் கரிக்கட்டைகள் கிடந்தன. என் குழுவனின் தொடை கொதித்து வெடித்திருந்தது.

சாந்து குழைத்துப் பூசி மறைத்தேன். அடுத்த நாள் வலது தொடையில் விதானையார் குடியின் குறி. அதையும் மறைத்தேன். மறுகா இடது. மறுகா வலது. நான் பூசப் பூச அவர்கள் சுட, குழுவனின் பின்பக்கம் நாளுக்கு நாள் கொழுத்துக்கொண்டே போயிற்று. முன்னால் பார்த்தால் காட்டெருமை. பின்னால் பார்த்தால் விருந்துக்கு வளர்த்த மாடு.

போடியாரிடம் போய்க் கேட்டேன். "போடியார், இது குழுவன். குழுவனுக்கு ஏது சொந்தக்காரன்?"

"காட்டுக்குள்ள நிண்டா குழுவன், ஓம். எங்கட குளக்கட்டில நிண்டா அது ஆர்ரயோ மாடு. குறியில்லாத மாடொண்டு ஊர் நடுவில நிண்டா வாறவன் போறவன் என்ன நினைப்பான்? ஆளில்லாத ஊரெண்டு நினைக்கமாட்டானா?"

விதானையாரிடம் போனேன். அவரும் இதையே சொன்னார். குடி மட்டும் வேறு.

கடைசியில் சேர் இரண்டு பகுதியையும் குளக்கட்டுக்குக் கூப்பிட்டார். றஹீம் காக்கா வேலி அடிக்க வந்து நின்றார். "திறப்பு விழாவுக்கு ஆள் சொல்லியாச்சு" என்றார் சேர். "ஒண்டில் குறியில்லாம நிக்க விடுங்க. இல்லாட்டி எருமையை வெட்டி எடுத்துப்போட்டு நான் தாமரை வைக்கிறன்."

போடியார் யோசித்தார். "அவங்கட குறி வாறதவிடத் தாமரை நல்லம்."

"எங்களுக்கும் தாமரை சம்மதம்" என்றார் விதானையார்.

தவளையில் தொடங்கித் தாமரையில் முடியப்போகிறது என் உத்தியோகம். இத்தனை காலத்தில் நானாகக் கேட்டு வாங்கிய விலங்கு அது ஒன்றுதான். "சேர், என்னை வெட்டிப்போட்டு அதுக்குப் பிறகு அதை வெட்டுங்க" என்று கத்திவிட்டேன். சேர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஆனால் தாமரைக்கு அளவெடுக்க நாடாவை எடுத்துவிட்டார்.

அந்த நேரம்தான் பொன்னம்மாக்கா தன் பட்டியை ஓட்டிக்கொண்டு குளக்கட்டு வழியே வந்தார். என்ன கூட்டம் என்று கேட்டார். சொன்னார்கள். குழுவனைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பின்பக்கத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். முன்பக்கத்துக்கு வந்து நின்றார். பிறகு ஆண்கள் பக்கம் திரும்பினார்.

"குறி சுட்டது ஆரு?"

இரண்டு பக்கமும் மீசையைத் தடவியது.

"நிண்ட மாட்டுக்கா சுட்டீங்க?"

மீசையிலிருந்த கைகள் கீழே இறங்கின.

"உங்கட அப்பன் பாட்டன் ஆராவது நிக்கிற மாட்டுக்குக் குறி சுட்டதைக் கண்டிருக்கீங்களா? மாட்டைக் கயிறு போட்டு விழுத்தி, நாலு காலையும் கட்டி, அதுக்குப் பிறகெல்லோ குறி? விழுத்தத் தெரியாத ஆம்பிளையளுக்குக் குறி எதுக்கு கா? விழுத்துங்க! விழுத்துறவன் குறியைச் சுடட்டும். நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

போடியார் சால்வையை உதறி இடுப்பில் கட்டினார். "எடுங்கடா கயிற!"

"ஐயோ, அரசாங்கச் சொத்து!" என்று சேர் கத்தினார். அவருடைய குரல் கயிறுகளுக்குள் அமிழ்ந்துபோயிற்று. கொம்புக்கு ஒரு கயிறு, முன்னங்காலுக்கு ஒரு கயிறு, பின்னங்காலுக்கு ஒரு கயிறு, வாலுக்கு ஓர் ஆள். மெய்யான மாட்டை விழுத்துகிற அதே முறை. நான் ஓடிப்போய்க் குறுக்கே விழப் பார்த்தேன். றஹீம் காக்கா என் தோளைப் பிடித்து இழுத்தார்.

"விடு தம்பி, இழுக்கட்டும். அது நான் ஒட்டின கம்பி."

"கொம்பு போனா என்ன செய்ற காக்கா?"

"போகாது" என்றார். ஆனால் அவர் உதடு ஏதோ ஓதிக்கொண்டிருந்தது.

போடியார் ஆட்கள் இழுத்தார்கள். குழுவன் அசையவில்லை. விதானையார் ஆட்கள் சிரித்துவிட்டுக் கயிற்றை வாங்கினார்கள். இழுத்தார்கள். அசையவில்லை. போடியார் ஆட்கள் சிரித்தார்கள். திரும்பவும் அவர்கள், திரும்பவும் இவர்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். திறந்து பார்த்தபோது, அந்தக் குளத்தில் ஒருவரும் காணாத காட்சி. இரண்டு குடியும் ஒரே கயிற்றைப் பிடித்திருந்தது. போடியார் முன்னால், விதானையார் அவருக்குப் பின்னால், "ஏலேலோ" என்று ஒரே குரல்.

டப் என்று ஒரு சத்தம். என் உயிர் போய் வந்தது. அறுந்தது கயிறு. ஆட்கள் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவராகச் சேற்றில் மல்லாந்தார்கள். குழுவன் நின்ற இடத்தில் நின்றது. அதன் பின்பக்கத்தில் நான் பூசிப் பூசிச் சேர்த்த சாந்து மட்டும், சூட்டில் வெடித்த மேற்பூச்சையும் பிடுங்கிக்கொண்டு, பாளம் பாளமாகக் கழன்று, இரண்டு குடியின் குறிகளோடும் கீழே விழுந்து நொறுங்கியது. உள்ளே பழைய கரடுமுரடான பூச்சுத் தெரிந்தது. சேறு காய்ந்த தோல் போலவே இருந்தது. நான் எவ்வளவு முயன்றும் வராத தோல்! அதை நான் பிறகும் தொடவில்லை.

போடியார் சேற்றில் இருந்தபடியே நிமிர்ந்து பார்த்தார். மூச்சு வாங்கியது.

"குழுவன்தான்" என்றார்.

"குழுவன்தான்" என்றார் விதானையார், அவருக்குக் கீழே கிடந்தபடி.

சேர் நாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். "இனி நான் ஏறிப் பாக்கத் தேவையில்ல" என்றார். பொன்னம்மாக்கா பட்டியை ஓட்டிக்கொண்டு போனார்.

திறப்பு விழாவுக்குப் பெரிய உத்தியோகத்தர் ஒருவர் கொழும்பிலிருந்து வந்தார். மேளம் முழங்கியது, பேச்சுகள் நடந்தன. குழுவனுக்கு மாலை போட வேண்டும் என்று அவர் மாலையோடு மேடைப் படியிறங்கி, நேரே அதன் முகத்துக்கு முன்னால் நடந்தார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழும்பியது. போடியார் பாய்ந்துபோய் அவருடைய கையைப் பிடித்தார்.

"ஐயா, முன்னால போகாதீங்க!"

"ஏன்?"

"அது குழுவன் ஐயா."

"சீமெந்துதானே?" என்று அவர் சிரித்தார். திரும்பிப் பார்த்தார். வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. குளக்கட்டு முழுக்கச் சனம், விதானையார், அவருடைய ஆட்கள், பிள்ளை தூக்கிய பெண்கள், எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தார்கள். அவர் இன்னொரு தரம் குழுவனின் கண்ணைப் பார்த்தார். சிரிப்பு மெல்லக் குறைந்தது. ஓர் அடி பின்னால் வைத்தார். "இதைச் செய்தவர் ஆரு? அவரே போடட்டும்" என்று மாலையை என் கையில் தந்துவிட்டார்.

வலை கட்டியவன் நான், சாந்து குழைத்தவன் நான், அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அறிந்தவன் நான். மாலையை வாங்கிக்கொண்டு நேரே போகத்தான் காலை எடுத்தேன். கால் போகவில்லை. சுற்றிக்கொண்டு, பக்கவாட்டால்தான் போனேன்.